தாய்மாமன் இல்லாத பட்டியல்

என் கல்யாணப் பேச்சை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது தரகர் அல்ல, தொண்ணூற்றேழில் ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் டெல்லிக்காரர்கள் செய்த ஒரு திருத்தம். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. நான் ஒரு இடத்தில் அடங்கி உட்கார்ந்ததாகவும் ஞாபகம் இல்லை. முற்றத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டால் போதும், அது எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறிவிடலாமா என்று தோன்றும்.

அப்பா கேரள எல்லைக்குள் இருக்கும் வெள்ளறடைச் சந்திப்பில் ஒரு ஃபைனான்ஸ் நடத்தினார். கீழே ரப்பர் ஷீட் வாங்கும் கடை, மேலே அப்பாவின் ஒற்றை அறை. ஊர்க்காரர்கள் அவரிடம் பணத்தை டெபாசிட் போடுவார்கள். அவர் அதை எடுத்து வியாபாரிகளுக்கும் ஜீப் வாங்குகிறவர்களுக்கும் கடன் கொடுப்பார். கொடுக்கிற வட்டிக்கும் வாங்குகிற வட்டிக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் நாங்கள் சாப்பிட்டோம், நான் பி.காம். படித்தேன். இப்படிப்பட்ட இடங்களுக்கு எங்கள் பக்கத்தில் பிளேடு கம்பெனி என்று பெயர், வட்டியால் கழுத்தறுக்கிற இடம் என்று. அந்த வார்த்தையைக் கேட்டாலே அப்பாவின் முகம் கறுத்துவிடும். அவர் மிஷன் சபையில் கமிட்டி மெம்பர். புதிதாகப் பணம் போட யார் வந்தாலும் முதலில் கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் செய்துவிட்டுத்தான் ரசீது எழுதுவார். அதனால் ஆட்டோ ஸ்டாண்டில் எங்கள் கம்பெனிக்கு 'ஜெபப் பிளேடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் அப்பாவின் காதுக்குப் போகாமல் நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

அவர் யாரையும் ஏமாற்றவில்லை. கடைசி ஆள் வரைக்கும் கொடுத்துத் தீர்த்த பிறகுதான் அந்த அறையின் சாவியைக் கட்டிடக்காரரிடம் ஒப்படைத்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளேடு என்றதும் ஊரைச் சுருட்டிக்கொண்டு ஓடினவரின் கதை என்று காதைத் தீட்டிக்கொள்கிறவர்கள் உண்டு, அது எனக்குப் பொறுக்காது.

புதுச் சட்டத்தைப் பற்றிய செய்தி முதலில் மலையாளப் பத்திரிகையில்தான் வந்தது. வட்டித்தொழில் செய்கிற தனி ஆட்களோ கூட்டு வியாபாரிகளோ இனி பொதுஜனத்திடம் டெபாசிட் வாங்கக் கூடாது. வாங்கி வைத்திருப்பதைத் தவணை முடிந்ததும் திருப்பிவிட வேண்டும், எப்படிப் போனாலும் மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மீறினால் ஜெயில். நாடு முழுக்கப் பெரிய பெரிய கம்பெனிகள் மூழ்கி, பணம் போட்டவர்கள் தெருவுக்கு வந்திருந்த சமயம் அது. சட்டம் வந்தது நியாயம்தான், நானே அப்பாவிடம் அப்படிச் சொன்னேன். அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, அன்றைக்குக் காலைக் கஞ்சி குடிக்காமல் போனார்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை வாசலில் அவரைச் சுற்றிக் கூட்டம். பணம் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் சபைக்காரர்கள். அப்பாவுக்கு முன்வரிசையிலும் அவர்கள்தான், பின்வரிசையிலும் அவர்கள்தான். அதில் ஒரு தோட்டக்காரர் அப்பாவின் தோளைத் தட்டி, "அண்ணே, ஒண்ணும் பயப்படாண்டாம். கம்பெனியத் தூக்கி ஒரு ஜீப்புல போட்டு களியக்காவிளைக்குக் கொண்டு போயிரலாம். அந்தப் பக்கம் இந்தச் சட்டம் கிடையாதுல்லா?" என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எல்லையில் பிறந்தவர்களின் புத்தி அது. செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் கேரளத்தில் அரிசிக்கு ஒரு விலை, அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ஒரு விலை. இந்தப் பக்கம் கடையடைப்பு என்றால் அந்தப் பக்கம் போய்ச் சாமான் வாங்கி வருவோம். எந்தச் சட்டமானாலும் செக்போஸ்ட் வரைக்கும் வந்து இறங்கிக்கொள்ளும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அப்பாவும் அந்தப் பேச்சை நம்பிக் களியக்காவிளையில் வாடகைக்கு ஒரு அறை தேடினார். கடைசியில் நெய்யாற்றின்கரையில் இருந்த அவருடைய வக்கீல்தான், இது டெல்லிச் சட்டம், இதற்குத் தப்ப வேண்டுமானால் கன்னியாகுமரியையும் தாண்டிக் கடலுக்குள் போக வேண்டும் என்று சொல்லி, சட்டத்தின் போட்டோஸ்டாட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா தனியாக வரவில்லை. வருகிற வழியில் ஒற்றசேகரமங்கலத்தில் இறங்கி, என் தாய்மாமனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாமா அம்மாவுக்கு நேர் மூத்தவர். ஏழெட்டு ஏக்கரில் ரப்பர் உண்டு. அப்பாவின் கம்பெனியில் எல்லோரையும்விட அதிகமாகப் போட்டிருந்தவர் அவர்தான். அவருடைய தவணை அந்த வருடம் மழைக்கு முன்னால் முடிகிறது. அவர் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. இன்னொரு தவணைக்கு வைத்துக்கொள் என்றுதான் சொன்னார். ஆனால் புதுச் சட்டப்படி வைத்துக்கொள்ள முடியாது. அதை அப்படியே எடுத்துக் கொடுத்தால் மற்ற சின்ன ஆட்களுக்குக் கொடுக்கக் கல்லாவில் ஒன்றும் மிஞ்சாது, கடன் வாங்கினவர்கள் கட்டி முடிக்க இன்னும் காலம் இருந்தது. நிலைமை இதுதான். எனக்குப் புரிந்தது, அம்மாவுக்கும் புரிந்தது.

"மக்கா, நீ இத வாசிச்சுத் தமிழ்ல சொல்லு" என்று அப்பா போட்டோஸ்டாட்டை என்னிடம் நீட்டினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும், ஆனால் சட்டத்து இங்கிலீஷ் தெரியாது என்று சொன்னார்.

வாசித்தேன். ஒரு வாக்கியம் பக்கத்தின் பாதிக்கு ஓடியது. அதற்குள் ஒரு விலக்கு இருந்தது. தனி ஆள் தன்னுடைய உறவினர்களிடமிருந்து கடனாகப் பணம் வாங்கினால் இந்தத் தடை கிடையாது. இதைச் சொன்னதும் அம்மா, "ஸ்தோத்திரம்" என்றாள். மாமா சாய்ந்து உட்கார்ந்தார். உறவினர் என்றால் யார் என்று அடியில் ஒரு பட்டியலும் போட்டிருந்தது. அப்பா, அம்மா, மகன், மகள், தாத்தாக்கள், பாட்டிகள், பேரன் பேத்திகள், அவர்களைக் கட்டினவர்கள், சகோதரன், சகோதரனின் மனைவி, சகோதரி, சகோதரியின் கணவன். நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துக்கொண்டே போனேன். முடிந்துவிட்டது.

"எங்க அண்ணன் எங்க?" என்றாள் அம்மா.

"மனைவியின் சகோதரன்னு இதுல இல்ல."

"நல்லாப் பாரு."

பார்த்தேன். இல்லை. பட்டியலில் இருந்தவர்களுக்கு வெளியே யாரும் உறவினர் ஆகமாட்டார் என்று திட்டமாகவும் எழுதியிருந்தது. அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "தாய்மாமன் இல்லாத ஒரு சொந்தமா? மூணு வருஷமா நம்மகிட்டப் பேசாத இவருக்க அண்ணன் பொண்டாட்டி சொந்தம், எங்க அண்ணன் அன்னியனா? இத எழுதினவனுக்குத் தாய்மாமனே கிடையாதா? அவனுக்கெல்லாம் எவன் சங்கிலி போட்டு விட்டான்?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து நின்றுவிட்டாள். எங்கள் ஆட்களில் பிள்ளைக்கு முதல் சங்கிலி போடுவதும், கல்யாணத்துக்குப் பெண்ணைக் கைபிடித்து இறக்குவதும் தாய்மாமன்தான். அந்த ஆளை அரசாங்கம் தெருவில் நிறுத்தியதை அவளால் தாங்க முடியவில்லை.

மாமா அவளைக் கையமர்த்தினார். "மக்கா, நடுவுல ஒண்ணு வாசிச்சியே, மகளுக்க யாருன்னு?"

"மகளின் கணவன்" என்றேன்.

"அப்பம் எனக்க மவன் உண்டும்லா" என்றார் மாமா, அப்பாவைப் பார்த்து. "அளியா, அவனுக்க பேருல போட்டா போச்சு. முறைதானே?"

யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் பட்டியலை மறுபடியும் பார்த்தேன், என்னவோ அதில் என் பேர் அச்சடித்திருக்கிறது போல. நானே வாசித்து, நானே மொழிபெயர்த்து, என் வாயாலேயே அதைச் சொல்லியிருந்தேன். காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் பின்பக்கமாக வெளியே போய், இருட்டும்வரை ரப்பர் மரங்களுக்கு நடுவில் நடந்தேன். மண்டைக்குள் ஒரே இரைச்சல்.

அடுத்த சில வாரங்கள் எங்கள் வீட்டில் சொந்தக்காரர்களின் வெள்ளம். பட்டியல் விஷயம் எப்படியோ வெளியே கசிந்துவிட்டது, ஆனால் அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பது கசியவில்லை. சொந்தமாக இருந்தால் வட்டி தொடரும் என்று மட்டும் ஊருக்குத் தெரிந்தது. ஒரு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், தன் கொள்ளுத்தாத்தாவும் அப்பாவின் கொள்ளுத்தாத்தாவும் ஒரே மிஷனரியிடம் ஒரே நாளில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் என்று தொடங்கி, மூன்று தலைமுறையைச் சுற்றி வந்து, "அப்பம் நீ எனக்கு மருமகன் முறையாக்கும்" என்று முடித்தார். பொழியூர்ப் பக்கத்திலிருந்து மீன் வியாபாரம் செய்கிற ஒரு அம்மா வந்தாள். அவள் கத்தோலிக்கக் குடும்பம், எங்களுக்கும் அவளுக்கும் எந்த வழியிலும் சொந்தம் கிடையாது. "வருஷக்கணக்கா உங்க வீட்டுக்கு மீனு தாறேன். அதவிடச் சொந்தம் உண்டா?" என்று கேட்டாள். எல்லோருக்கும் அப்பா, தவணை முடிந்ததும் பணம் கைக்கு வரும் என்று மட்டும் சொன்னார். அவர்கள் போனதும் நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்திருப்பார்.

என்னைப் பொறுத்தவரை, நான் ஒரு வேலைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். திருவனந்தபுரத்தில் இரண்டு மூன்று இடங்களுக்கு மனு அனுப்பியிருந்தேன். பாறசாலையில் டைப்ரைட்டிங் பழகிக்கொண்டிருந்தேன். வேறு யாரையும் மனதில் வைத்திருந்தேனா என்றால் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். இருந்திருந்தால் அழுதாவது தொலைத்திருக்கலாம். மாமா மகனைப் பிடிக்காது என்று சொல்லவும் ஒரு காரணம் கிடைக்கவில்லை. ஆரியங்கோட்டில் ரப்பர் நர்சரி வைத்திருந்தார், கை சுத்தமான ஆள், குடி கிடையாது, சிரித்தால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். சின்ன வயதிலிருந்து அத்தான் என்று கூப்பிட்டுப் பழகிய ஆளை ஒரு நாளும் கல்யாணத்தோடு சேர்த்து நினைத்ததில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் அவரே பலாப்பழத்தோடு வந்தார். அம்மா வேண்டுமென்றே கோழிக்குத் தீனி போடப் போய்விட்டாள்.

"எட்டி, நான் இப்பம் கவர்மென்ட்டு அங்கீகாரம் பெற்ற சொந்தக்காரனாக்கும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது தெரிந்ததும் அவர் முகமும் மாறிவிட்டது. "உனக்கு இஷ்டம் இல்லேன்னா என்னட்டச் சொல்லிப்போடு. நான்தான் மாட்டேன்னு சொன்னேன்னு எங்கப்பாட்ட சொல்லிருவேன். உன்ன யாரும் ஒண்ணும் பறய மாட்டாவ."

அது உத்தமமான பேச்சு, அதனாலேயே எனக்கு இன்னும் எரிந்தது. அவர் மாட்டேன் என்றால் மாமாவின் பணம் போகும். பணம் போனால் சபை வாசலில் அப்பாவைச் சுற்றி நிற்கும் கூட்டம் வேறு மாதிரிப் பேசும். அதற்குப் பிறகு போலீஸ், கோர்ட். என் ஒரு வார்த்தையில் இத்தனையும் தொங்கியது. இப்படி ஒரு இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு, உன் இஷ்டம் என்று சொல்வது என்ன நியாயம்? நான் கிணற்றடிக்குப் போய், தேவையே இல்லாமல் தண்ணீர் இறைத்து வாழைக்கு ஊற்றினேன். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் பேசாமல் இருந்தால் அதற்குச் சரி என்று அர்த்தம். போதகரிடம் சொல்லியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு முதல் ஓலை வாசிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை உண்டென்று அறிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு சபையில் வாசிப்பார்கள். ஒருமுறை வாசித்துவிட்டால் பிறகு பின்வாங்குவது குடும்பத்துக்கே மானக்கேடு. அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. விரல் நகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அதே வாரத்தில்தான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அது நடந்தது. எதையாவது பார்த்து அடித்துப் பழக வேண்டும். வழக்கமான கடிதங்களை அடிக்கப் பிடிக்காமல், பைக்குள் கிடந்த அந்த போட்டோஸ்டாட்டை எடுத்து ஸ்டாண்டில் வைத்தேன். அடிக்கிற அடியில் அந்தச் சட்டம் கிழிய வேண்டும் என்று இருந்தது எனக்கு. ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினேன். வாசிக்கும்போது கண் தாண்டிப் போய்விடும், டைப் அடிக்கும்போது தாண்ட முடியாது. விலக்கு சொல்லும் வாக்கியத்தின் முதல் பாதி தனி ஆளைப் பற்றியது. அதோடு நமக்கு வேண்டியது முடிந்தது என்று அன்றைக்கு வீட்டில் நிறுத்தியிருந்தேன். இரண்டாவது பாதி கூட்டு நிறுவனத்தைப் பற்றியது. கூட்டு நிறுவனமாக இருந்தால், கூட்டாளிகளில் யாராவது ஒருவருக்கு உறவினராக இருந்தாலும் போதும், அவரிடம் பணம் வாங்கலாம்.

கை நின்றுவிட்டது. அம்மாவைக் கூட்டாளியாகச் சேர்த்தால்? அம்மாவுக்கு மாமா யார்? சகோதரன். பட்டியலில் சகோதரன் இருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். ஒரு முத்திரைத்தாள், அம்மாவின் ஒரு கையெழுத்து. இத்தனை நாளும் அப்பாவுக்கு யார் என்ன முறை என்று மட்டும்தான் எல்லோரும் தேடினோம். அம்மாவின் பெயரில் ஒரு தொழில் இருக்க முடியும் என்று எங்களில் ஒருவருக்கும், அம்மாவின் வயிற்றில் பிறந்த எனக்கும்கூட, தோன்றவே இல்லை.

வகுப்பு முடியவில்லை, நான் முடித்துக்கொண்டேன். நெய்யாற்றின்கரை பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். வக்கீல் கோர்ட்டிலிருந்து அப்போதுதான் வந்து கவுனைக் கழற்றிக்கொண்டிருந்தார். அடித்த தாளை அவர் முன்னால் வைத்து, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அவ்வளவு பெருமை. அவர் தாளைப் பார்க்கவே இல்லை.

"இது ஞான் அப்பனோடு அன்னு தன்னெ பறஞ்ஞதல்லே மோளே?" என்றார். "பார்யயெக் கூட்டி ஒரு பார்ட்னர்ஷிப் ஆக்கிக்கோ என்னு. புள்ளி வந்தில்லல்லோ."

சட்டத்தின் பிரதியைக் கொடுத்த அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிட்டாராம். மனைவியைச் சேர்த்துக் கூட்டு நிறுவனமாக்கு, மைத்துனனின் பணம் கையில் நிற்கும் என்று. அப்பா சரி என்று போனவர்தான், திரும்பி வரவில்லையாம். ஏன் வரவில்லை என்று வக்கீல் என்னையே கேட்டார். நான் அடித்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு இருந்த கோபத்தை எழுதி முடியாது. ஆரியங்கோடு தாண்டியதும் இறங்கி நடந்துவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். வேறு வழி இருந்திருக்கிறது. சுலபமான வழி. அது தெரிந்தும் என்னைத் தூக்கிக் கொடுக்கப் பார்த்திருக்கிறார் என்றால், அப்பாவுக்கு நான் யார்? ஒரு முத்திரைத்தாளுக்குக்கூட நான் ஈடில்லையா?

அம்மா அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் பையைக்கூட இறக்காமல், "அம்மா, வக்கீல் சொன்னது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். எந்த வக்கீல், என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

"தெரியும்."

"நீ பத்திரத்துல ஒப்பு போடமாட்டேன்னியா?"

"நான் எப்பமே தயாருதான். ஒரு ஒப்புக்கு என்ன செலவு?"

"பின்ன என்னத்துக்கு என்ன அங்க தள்ளப் பாத்திய?"

அவள் உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "உனக்க கல்யாணத்துக்குன்னு வச்சிருந்தது இல்ல மக்கா. எல்லாம் போயாச்சு. ஜீப்பு வாங்கினவனுவ ரெண்டு பேரு வண்டியோட போயிட்டானுவ. பத்திரிகையில நியூஸ் வந்ததும் ஜனங்க தவணைக்கு முன்னாலயே வந்து நின்னாவ. யாரையும் வெறுங்கையா அனுப்பப் பிடாதுன்னு உங்கப்பா உனக்க நகைக்கு வச்சிருந்தத எடுத்துக் குடுத்தாரு. ஊருக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா, ஸ்திரீதனம் இல்லாம உன்ன எவன் வந்து கேப்பான்? எங்க அண்ணன் ஒண்ணும் கேக்க மாட்டான். அதாக்கும் காரியம்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். எல்லாம் பேசிட்டுத்தான் அன்னைக்கு ரெண்டு பேரும் சேந்து வந்தாவ. வாசிக்கச் சொன்னது நீ கேக்கணும்னுதான்." கொஞ்சம் நிறுத்தி, "எங்க அண்ணன் பேரு அதுல கிடையாதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அந்தக் கோபம் நடிப்பில்ல" என்றாள்.

"இத என்னட்டச் சொல்லியிருக்கலாமே!" என்று நான் கத்திவிட்டேன்.

"சட்டத்துக்காகன்னு சொன்னா நீ எங்கள ஏசுவ. ஏசிக்கிட்டே தலை நிமுந்து அந்த வீட்டுல ஏறுவ, அப்பனக் காப்பாத்த வந்தவளாக்கும்னு. கையில ஒண்ணும் இல்லாத பிள்ளன்னு சொன்னா நீ தலையத் தொங்கப் போட்டுட்டு ஏறணும். மவ நம்மள ஏசினா ஏசட்டும்னு சொன்னாரு உங்கப்பா."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வாரமும் என்னை விற்கிறார்கள், விற்கிறார்கள் என்று பொருமிக்கொண்டு திரிந்தேன். அப்போதெல்லாம் எனக்கு ஒரு விலையாவது இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. அவமானமாக இருந்தது, அப்பாவை நினைத்தால் பாவமாக இருந்தது, இரண்டும் ஒரே நேரத்தில். அம்மாவின் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை.

பின்வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அப்பா எப்போது வந்தார், எதிலிருந்து கேட்டார் என்று தெரியாது. சட்டைப் பையில் பேனா, கையில் கம்பெனி அறைச் சாவி. உள்ளே வராமல் படியிலேயே நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

நான்தான் பேசினேன். "நாளைக்கு நான் அம்மாவக் கூட்டிட்டு நெய்யாற்றின்கரைக்குப் போறேன். அவ ஒப்பு போடட்டும். மாமாவுக்க காசு இங்க கிடக்கட்டும். போதகர்ட்ட ஓலை வாசிக்காண்டாம்னு நானே சொல்லிட்டு வாறேன். அத்தான்ட்டயும் நானே சொல்லுவேன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கிழங்கைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, சபையில் ஜெபம் செய்யும்போது வருகிற அந்தக் கனமான குரலில் பேசத் தொடங்கினார். பாதியில் அந்தக் குரல் அவரை விட்டுவிட்டது.

"எல்லாம் சரி மக்கா. நாளைக்கு ஒருத்தன் வந்து உன்னக் கேட்டா, என்னத்தக் குடுத்து நான் உன்ன அனுப்புவேன்?"

"அனுப்பாண்டாம்" என்றேன்.

அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். எனக்கு அழுகை வரவில்லை. அவர் கையிலிருந்த சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.